புதுப்பிப்பு: பால் பைத்தான், குட்டியா வளர்ந்ததா?

திருநகர் வீட்டில் வளர்க்க எந்த அளவு பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு வகை) வாங்கலாம் என்று மாசியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டரை அடியில் ஒரு பெண் பாம்பு வாங்கினேன். "இரை எடுப்பதை நேரில் பார்த்துட்டு வாங்குங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. முதலில் பார்த்த ஒன்றரை அடிக் குட்டிப் பாம்பு எலியைத் தொடவே இல்லை. முழுதாக வளர்ந்தாலும் நாலைந்து அடிதான் என்றதும் அம்மாவும் சம்மதித்துவிட்டார்.

எதிர்பாராதது, வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் அது சாப்பிடவில்லை. ரொம்பவே பயந்துவிட்டேன். நாலு அடிப் பெட்டி அதற்கு வெட்டவெளியாக இருந்திருக்கிறது. உடம்பு உரசி நுழையும் அளவுக்கு இரண்டு மறைவிடம் வைத்தேன், அதில் ஒன்று கவிழ்த்த மண்சட்டி. ஒன்பதாம் நாள் இரை எடுத்தது! உடம்பின் தடித்த பகுதியைவிடப் பெரிய இரை மட்டும் வேண்டாம்.

சித்திரையில் மாடி அறை 38 டிகிரியைத் தாண்டியது, கீழே மாற்றிவிட்டேன்.

அப்புறம் பதிவு. இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்வதற்கான 2024 விதிகளின்படி, வாங்கிய 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிந்தாயிற்று. நம்மூர் மலைப்பாம்பை எந்த அளவிலும் வளர்க்கக் கூடாது, அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.