சீட்டு கேட்காத வாசல்கள்: சேலத்துப் பழைய கால்பந்து மைதான நினைவுகள்

சூரமங்கலம் வாசி

எண்பதுகளில் நம் ஊரில் மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த கால்பந்துப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு சவுக்குக் கம்புகளைக் கட்டிப் பலகை போட்ட அந்தக் கேலரியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்பவரின் கையில் பாதிப் பணத்தைத் திணித்தால் சீட்டுக் கிழிக்காமல் கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டுவிடுவார்; ஆகவே உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நடத்துகிறவர்களுக்கே தெரியாது. என்னை இன்றுவரை உறுத்துவது அது அல்ல. ஓர் இறுதியாட்டத்தன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. பலகை இடுக்கின் வழியே புகை வருகிறதே என்று குனிந்து பார்த்தேன். எங்களுக்கு நேர் கீழே கடலைக்காய் வறுப்பவர் ஒருவர், மழைக்கு ஒதுங்கியவர், அடுப்பை மூட்டி இரும்புச் சட்டியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். மேலிருந்து நாங்கள் போட்ட காகிதப் பொட்டலங்களும் கடலைத் தொலியும் பீடித் துண்டுகளும் அவரைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தன. அவற்றில் ஒரு காகிதம் தீப்பிடித்துச் சுருண்டது. அவர் அதைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்துவிட்டு, சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வறுத்துக்கொண்டே இருந்தார். சட்டையில் ரிப்பன் குத்தியிருந்த தொண்டர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். "மழையில எங்கங்க போவாரு, பாவம்" என்றார்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு மைதானத்தில் 1985 மே 11 அன்று 56 பேர் இறந்ததைப் பற்றி நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் விரிவாகப் படித்தேன். மர இருக்கைகளுக்கு அடியில் வருடக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில் அணையாத தீக்குச்சியோ சிகரெட்டோ விழுந்ததுதான் தொடக்கம். அதன்பின் ஒரு சில நிமிடங்களில் அந்தப் பகுதி முழுவதும் எரிந்துபோனது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏற்காட்டு மேகம்

உங்களுக்காவது கயிறு இருந்தது. மலையில் நாங்கள் ஆடிய மைதானத்துக்கு மதிலும் கிடையாது, வாசலும் கிடையாது. ஒரு பக்கம் சாலை, மூன்று பக்கமும் காப்பித் தோட்டம். தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் பையன்கள் ஏறிக்கொள்வார்கள், பெரியவர்கள் கோட்டின்மேலேயே நிற்பார்கள், கோட்டு நடுவர் கொடியை நீட்டிக்கொண்டு "வழி விடுங்க" என்று ஒவ்வொருவராக விலக்கியபடி ஓடுவார். கீழே சேலத்தில் மே மாத வெயில் கொளுத்தும்போதும் இங்கே மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கிவிடும் என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு மாலையில், கடைசி நிமிடங்களில், எங்கள் பையன் அடித்த பந்து கோல்கீப்பரைத் தாண்டிக் காலியாக இருந்த வலையை நோக்கி உருண்டது. அந்த நேரத்தில் கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒருவர் கோல்கம்பத்தின் ஓரத்திலிருந்து நிதானமாக வந்து, பந்தைக் காலால் நிறுத்தி, கக்கத்தில் இருந்த குடையை நழுவவிடாமல் அதைத் திருப்பி உதைத்துவிட்டு, பனிக்குள் போய்விட்டார். வெளியாள் குறுக்கிட்டுப் பந்தை நிறுத்தினால் கோல் கொடுக்க முடியாது, நடுவர் பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்பதுதான் விதி; நடுவர் அதையே செய்தார், நாங்கள் தோற்றோம். அந்த மனிதர் எதிரணியின் ஆளா, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பந்தைப் பார்த்தவரா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருந்த எதிரணியினர் சிரித்த சிரிப்பு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கொண்டலாம்பட்டி

சூரமங்கலத்து அண்ணன் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். அந்தக் கேலரியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைய கூட்டத்துக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளத் தெரியும். இன்று பெரிய நகரத்து மைதானங்களில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், சில்லறைக் காசைக்கூட வெளியே போடச் சொல்கிறார்கள், ஆனால் உள்ளே ஒரு தம்ளர் தண்ணீரை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பாருங்கள்.

என் அனுபவம் சின்னதுதான். மதிலின்மேல் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பார்கள். நாங்கள் கோணிச் சாக்கை நான்காக மடித்துச் சில்லுகளின்மேல் போட்டு ஏறுவோம். ஒருநாள் நான் மேலே காலைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், உள்பக்கம் ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நழுவிக்கொண்டிருந்த சாக்கின் நுனியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். "கால் கிழிஞ்சா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது, எறங்கு" என்றார். எங்களை இறக்கிவிட்டபின் சாக்கை உதறி மடித்து வெளியே அடுத்து நின்றவர்களிடம் வீசினார். அந்த மனிதரைப் போல ஒருவர் இருந்தால் ஆயிரம் கேமரா தேவையில்லை. லண்டன் வெம்பிளி மைதானத்தில் முதன்முதலாக 1923-இல் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு இரண்டு லட்சம் பேருக்குமேல் புகுந்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. திடலில் நின்ற கூட்டத்தை வெள்ளைக் குதிரையில் வந்த ஒரு போலீஸ்காரர் பின்னுக்கு ஒதுக்கினார், ஆட்டமும் நடந்தது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி

தம்பி, குதிரைக் கதையோடு நிறுத்திக்கொண்டால் எப்படி? அதே வெம்பிளியில் அன்று நூற்றுக்கணக்கானவர்கள் காயம்பட்டார்கள். அதே நாட்டில் 1946 மார்ச் 9 அன்று, போல்ட்டன் நகரத்து மைதானத்தில் 33 பேர் நசுங்கி இறந்தார்கள். வாயில்களை மூடிய பிறகும் மக்கள் மதில் ஏறி உள்ளே குதித்துக்கொண்டே இருந்தார்கள். நெரிசலுக்குப் பயந்த ஒரு தகப்பன் தன் பையனோடு வெளியேற ஒரு கதவின் பூட்டைத் திறக்க, அந்த வழியாகவும் கூட்டம் உள்ளே வந்தது. இறந்தவர்களைக் கோட்டோரம் கிடத்தி, மரத்தூளால் புதிய எல்லைக்கோடு போட்டு மீதி ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். நம் நாட்டிலும் 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தின்போது 16 ரசிகர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாக இன்றும் அந்த நாளில் அங்கே இரத்த தானம் செய்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நான் கொலுசு மாதிரிகளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கு வியாபாரத்துக்குப் போய் வந்தவன். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி நடந்தது. அதே இரண்டு அணிகள். 1,31,000 பேருக்குமேல் கூட்டம். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. படா பஜார் கடைக்காரர் ஒருவர் என்னை இழுத்துக்கொண்டு போனார். ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் மறக்காதது வெளியே வந்த விதம். சரிவுப் பாதையில் இறங்கும்போது ஒரு கட்டத்தில் என் கால் தரையில் படவில்லை. நான் நடக்கவே இல்லை, என்னை யாரும் தூக்கவும் இல்லை, ஆனால் கீழே வந்து சேர்ந்தேன். மூச்சை உள்ளே இழுத்தால் அதை வெளியே விடுவதற்கு இடம் இல்லாதபடி நெஞ்சின்மேல் முதுகுகள் அழுத்தின. கீழே ஓர் ஆள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் கழன்ற செருப்புகளை, ஒற்றைச் செருப்புகளாகவே நூற்றுக்கணக்கில், ஒரு மூலைக்குக் கூட்டித் தள்ளினார். எங்கள் பட்டறையில் மாலையில் தூசியைக் கூட்டுவது போல, அது அவருக்கு வழக்கமான வேலை. வெறுங்காலோடு தேடி வந்தவர்களுக்குக் குவியலைக் கைகாட்டினார். நானும் குனிந்து தேடினேன், ஜோடி கிடைக்கவில்லை.

பீ.டி. வாத்தியார்

பள்ளி அணிகளை அழைத்துக்கொண்டு நெடுங்காலம் மைதானங்களில் நின்றவன் என்ற முறையில் ஒரு சொல். ஒரு முறை, வெயிலில் மயங்கி விழுந்த மாணவனைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. சாவி காவலாளியின் இடுப்பில், காவலாளி கம்பிக்கு அந்தப்பக்கம் டீக்கடையில். பையனின் தலை என் தோளில் தொங்க, நான் கம்பியைத் தட்டிக் கூப்பிட, அவர் கிளாஸைக் காட்டி "இதோ முடிச்சுட்டு வந்துட்டேங்க சார்" என்று சைகை செய்தார். அவ்வளவுதான் என் கதை.

ஆகவே பிள்ளைகளோடு ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்குச் சில. உட்காருமுன் இரண்டு வழிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், வந்த வழி அதில் ஒன்றாக இருக்கட்டும்; கூட்டம் முழுவதும் வந்த வழியையே தேடும் என்பதால் மற்றொன்றுதான் உங்களுக்குப் பயன்படும். நெரிசலில் சிக்கினால் குத்துச்சண்டைக்காரர் நிற்பது போல முன்னங்கைகளை நெஞ்சுக்கு முன்னே மடித்து வையுங்கள். மூச்சுக்கு அந்த இடைவெளிதான் மிஞ்சும். கூட்டம் தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், தளரும்போது சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். செருப்பு கழன்றால் விட்டுவிடுங்கள். சுவரோரமும் கம்பி வேலியோரமும் நிற்காதீர்கள்.

கொண்டலாம்பட்டித் தம்பியும் செவ்வாய்ப்பேட்டை ஐயாவும் காவல் வேண்டுமா வேண்டாமா என்று மோதிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. பிராட்ஃபோர்டில் பின்பக்கத்து வாயில்கள் பூட்டியிருந்ததால் அங்கே ஓடியவர்கள் இறந்தார்கள். முன்பக்கம் கம்பி வேலி இல்லாததால் திடலுக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் போலீஸ் நிறைய இருந்தது, முன்பக்கம் உயரமான வேலியும் இருந்தது. வெளியே நெரிசல் என்று ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குப் போகும் சுரங்க வழியை யாரும் மறிக்கவில்லை. 97 உயிர்கள் போயின. வேலியில் ஏறித் தப்ப முயன்றவர்களை ஆட்டத்தைக் கெடுக்க வருகிறவர்கள் என்று முதலில் நினைத்தார்கள். இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் 2022 அக்டோபர் 1 அன்று கண்ணீர்ப்புகை வீசியவர்களே போலீஸ்காரர்கள்தாம். 135 பேர் இறந்தார்கள். லத்தி எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, உள்ளே எத்தனை தலை என்று யார் எண்ணுகிறார்கள், சாவி யார் கையில் இருக்கிறது, அவர் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். சாக்கைப் பிடித்த போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் எத்தனை பேருக்குப் பிடித்தார் என்று அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா?

கொண்டலாம்பட்டி

வாத்தியாரையா, நான் அனுபவத்தைத்தான் எழுதினேன், யோசனை கேட்கவில்லை. இருந்தாலும் செவ்வாய்ப்பேட்டை ஐயா எழுதிய செருப்புக் குவியலுக்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாப்பேட்டை மகள்

இவ்வளவு நேரம் படித்தேன், மைதானத்துக்குப் பெண்கள் வந்ததாக ஒருவரும் எழுதவில்லை. நான் வந்தேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு ஆட்டத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். கேலரியில் ஆண்கள் நெருக்குவார்கள் என்று கோல்வலைக்குப் பின்னால், சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓரடி தள்ளி என்னை உட்காரவைப்பார். அங்கே உட்காரக் கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஒருநாள் பெனால்டி கொடுத்ததற்காகக் கூட்டம் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அப்பா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, என்னைச் சுற்றிலும் வேட்டிகளும் வெறுங்கால்களும் மட்டும்தான் தெரிந்தன. வெளியூர் அணியின் கோல்கீப்பர் வலையைத் தூக்கி என்னை ஒரு கையால் உள்ளே இழுத்து, கம்பத்தோடு சேர்த்து நிற்கவைத்து, எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து நின்றார். அவருடைய பச்சைச் சட்டையின் முதுகில் ஒன்று என்ற எண் தையல் பிரிந்து தொங்கியது. அதன் நூலை நான் விரலில் சுற்றிக்கொண்டேன். அடிக்க வந்தவர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். ஒரு கல் அவர் தோளில் பட்டது. "மோளே, அனங்காதே" என்று திரும்பாமலே சொன்னார். அப்பா வந்து என்னை வாங்கிக்கொண்டபோது அவரிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதன்பின் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போகவும் இல்லை.

வாத்தியார் எழுதிய யோசனைகள் நல்லவைதான், ஆனால் அவற்றைப் பின்பற்ற ஓர் ஏழு வயதுப் பிள்ளையால் ஆகாது. அந்த அணி எது என்று அறிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

சூரமங்கலம் வாசி

அம்மா, மலையாளம் பேசினார் என்பதை மட்டும் வைத்து அணியைச் சொல்வது கடினம். அந்த நாளில் நம் ஊருக்கு வந்த அணிகளில் பாதிக்குமேல் கேரளத்து ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், கோல்கீப்பர் ஒன்றாம் எண் போடுவதும் எல்லோருக்கும் பொதுவானது. மற்ற ஆட்டக்காரர்களின் சட்டை என்ன நிறம், பெனால்டி முதல் பாதியிலா இரண்டாம் பாதியிலா என்று நினைவிருந்தால் சொல்லுங்கள். பழைய சீட்டுகளும் ஆட்ட நிரல்களும் சேர்த்துவைத்திருப்பவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.