லுட்ஸ் தாவல் யாருடையது? (சீன ஸ்கேட்டர் ஜின் போயாங்கைப் பற்றி வாய் திறக்கும் முன் படிக்கவும்)

ஹார்பின் வெறியன்:
2018 மிலான் ஃபிகர் ஸ்கேட்டிங் உலகப் போட்டி இழையில் நேற்று கணக்குப்பிள்ளை ஐயா போட்ட வரியைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படியே தருகிறேன்: "ஜின் போயாங் என்றால் ஒரே ஒரு ஜம்ப். அந்த ஜம்பையும் அவர் முதலில் போடவில்லை. இப்போது 19வது இடம்."

என்ன ஒரு திமிர்! பையனுக்கு இருபது வயது. 18 வயதில், 2016ல், பாஸ்டனில் உலக வெண்கலம். சீன ஆண்களில் ஒற்றையர் பிரிவில் அதற்கு முன் யாரும் உலகப் பதக்கத்தைத் தொட்டதே இல்லை. அடுத்த வருடம் ஹெல்சிங்கியில் 303.58 புள்ளி எடுத்து மறுபடி வெண்கலம். இந்த ஜனவரியில் தைபேயில் ஜப்பானின் ஷோமா ஊனோவைத் தாண்டி நாலு கண்டப் போட்டித் தங்கம். போன மாதம் பியோங்சாங் ஒலிம்பிக்ஸில் நாலாவது. ஒரு மோசமான சனிக்கிழமைக்காக இத்தனையும் குப்பையா?

குவாட் லுட்ஸ் அவனுடையது. லுட்ஸ் வகைத் தாவல், காற்றில் நாலு சுற்று. 2015 நவம்பர், பெய்ஜிங், கப் ஆஃப் சைனா. பேச்சு முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
முடியவில்லை. பிராண்டன் ம்ரோஸ், அமெரிக்கர், 2011 செப்டம்பர், கொலராடோ ஸ்பிரிங்ஸ். 2011க்கும் 2015க்கும் நடுவில் நாலு வருடம். எண்ணிப் பார்க்க ஒரு கை விரலே போதும்.

ஹார்பின் வெறியன்:
வந்துவிட்டார் ம்ரோஸை எடுத்துக்கொண்டு. அது ஒரு சின்னப் போட்டி, ஐயா. பார்க்க வந்தவர்களை விட நடுவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, சின்னப் போட்டி. அதே வருடம் நவம்பரில் சப்போரோவில் என்எச்கே டிராஃபியில் மறுபடி போட்டாரே, அது என்ன, தெருமுனைப் போட்டியா? கப் ஆஃப் சைனா எந்தத் தொடரோ அதே கிராண்ட் ப்ரீ தொடர்தான்.

ஹார்பின் வெறியன்:
தனி லுட்ஸ்! தனியாகப் போட்டார்! போயாங் போட்டது குவாட் லுட்ஸும் அதன் வாலிலேயே ட்ரிபிள் டோவும் (மூன்று சுற்று டோ லூப் தாவல்). அந்தக் கூட்டுத் தாவலைப் போட்டியில் முதலில் இறக்கியவன் அவன்தான். அடிப்படை மதிப்பு 13.6 கூட்டல் 4.3, மொத்தம் 17.9. நாலு சுற்று சுற்றி இறங்கிய அதே காலில் மறுபடி எழும்பி மூன்று சுற்று. ம்ரோஸால் முடிந்ததா?

கணக்குப்பிள்ளை:
உங்கள் முதல் பதிவில் "குவாட் லுட்ஸ் அவனுடையது" என்று இருக்கிறது. ட்ரிபிள் டோ இப்போதுதான் வந்து ஒட்டிக்கொண்டது. பசை இன்னும் காயவில்லை.

சும்மா வந்தவன்:
அண்ணன்மார்களே, ஒலிம்பிக்ஸ் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். லுட்ஸுக்கும் ஃபிளிப்புக்கும் என்ன வித்தியாசம்? டிவியில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

மல்லிகா:
இரண்டு பேருக்கும் சண்டை வேண்டாம். ஆஸ்திரியாக்காரர் ஆலோய்ஸ் லுட்ஸ் 1913லேயே அந்தத் தாவலைப் போட்டுவிட்டார், பெயரும் அவருடையதுதான். பட்டா அவர் பெயரில் இருக்கிறது, நீங்கள் இருவரும் வாடகைக்கு இருப்பவர்கள்.

ஹார்பின் வெறியன்:
மல்லிகா அக்கா, ஜப்பான்காரர் ஹன்யுவின் ரசிகர்கள் கிண்டல் செய்வது எனக்குப் புதிதில்லை. 2016 பிப்ரவரியில் தைபேயில் ஒரே ஃப்ரீ ஸ்கேட்டில், அதாவது இரண்டாவதாக வரும் நீள ஆட்டத்தில், நாலு குவாட் இறக்கிய முதல் ஆள் யார்? உங்கள் ஹன்யுவா?

மல்லிகா:
இல்லை தம்பி. அந்தப் போட்டியில் தங்கமும் போயாங்குக்கு இல்லை. கனடாவின் பாட்ரிக் சானுக்குப் போனது.

ஸ்கார்பரோ சிவா:
யாரோ பாட்ரிக் சான் என்றார்கள், வந்துவிட்டேன். ஆமாம், சான் ஜெயித்தார். அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம்தான். ஆனால் குவாட் எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் ஜெயித்தார். அதற்குப் பெயர்தான் ஸ்கேட்டிங். உங்கள் பையன் ஓடுகிறான், எகிறுகிறான், ஓடுகிறான், எகிறுகிறான். நடுவில் பனியில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஹார்பின் வெறியன்:
அதே பையன் பாஸ்டனில் மூன்றாவது, சான் ஐந்தாவது. ஹெல்சிங்கியிலும் பையன் மூன்றாவது, சான் ஐந்தாவது. பனியில் எழுதியதை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

ஸ்கார்பரோ சிவா:
மூன்று முறை உலக சாம்பியன் அவர். 2011, 2012, 2013. மரியாதையாகப் பேசுங்கள்.

மல்லிகா:
2013 கணக்கையும் சேர்த்தால் நான் பேச வேண்டியிருக்கும். ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு முறை விழுந்தும் கஜகஸ்தானின் டெனிஸ் டென்னை ஒன்றரைப் புள்ளி கூட இல்லாத வித்தியாசத்தில் தாண்டினாரே, அதுவும் சொந்த நாட்டு ரிங்கில்.

ஸ்கார்பரோ சிவா:
போன வருடமும் இதையே சொன்னீர்கள், நானும் பதில் சொன்னேன். ஷார்ட் புரோகிராமில், அதாவது முதலில் வரும் குறு ஆட்டத்தில், வைத்த முன்னிலை என்று ஒன்று உண்டு. அதைப் பேசினால் மட்டும் உங்களுக்குக் காது கேட்காது.

சும்மா வந்தவன்:
லுட்ஸ்... ஃபிளிப்...

கணக்குப்பிள்ளை:
தம்பி, இரண்டிலும் இடது காலில் பின்னோக்கிப் போய் வலது கால் முனையைக் குத்தி எழும்ப வேண்டும். ஃபிளிப்பில் இடது கத்தியின் உள் விளிம்பு, லுட்ஸில் வெளி விளிம்பு. லுட்ஸில் வரும் வளைவு ஒரு பக்கம், சுற்றும் திசை எதிர்ப் பக்கம். அதனால்தான் இந்த 2018 கணக்கில் குவாட் ஃபிளிப்புக்கு 12.3, குவாட் லுட்ஸுக்கு 13.6. அந்த 13.6ஐப் போட்டியில் முதலில் சம்பாதித்தவர் பிராண்டன் ம்ரோஸ்.

ஹார்பின் வெறியன்:
பாடம் நடத்தும் சாக்கிலும் ம்ரோஸா! சரி, கேட்கிறேன். ம்ரோஸின் லுட்ஸுக்குப் பிறகு உலகம் என்ன மாறியது? ஒன்றும் இல்லை. போயாங் 2015ல் வந்து சீசன் முழுக்க அதைப் போட்டான். அதற்குப் பிறகுதான் 2016 ஏப்ரலில் ஊனோவின் குவாட் ஃபிளிப், செப்டம்பரில் ஹன்யுவின் குவாட் லூப், அப்புறம் அமெரிக்கர் நேதன் சென்னின் ஐந்து குவாட், ஆறு குவாட். கதவை உடைத்தவன் இவன். உள்ளே போய் சோஃபாவில் உட்கார்ந்தவர்கள் மற்றவர்கள்.

முதலில் போடுவது வேறு, முதல்வன் என்பது வேறு.

கணக்குப்பிள்ளை:
இப்போது "முதல்" என்ற சொல்லையே மாற்றியாயிற்று. வாழ்த்துகள்.

சரி, ஒலிம்பிக்ஸுக்கு வருவோம். ஒலிம்பிக்ஸில் முதல் குவாட் லுட்ஸ் யாருடையது? அமெரிக்கர் வின்சென்ட் ஜோ. பியோங்சாங் ஷார்ட்டில், ட்ரிபிள் டோவோடு சேர்த்தே. உங்கள் வால் அங்கேயும் இருக்கிறது.

ஹார்பின் வெறியன்:
ஜோ முன்னால் இருந்த குழுவில் வந்தார், அவ்வளவுதான்! வரிசை மாறியிருந்தால் அதுவும் போயாங் பெயரில் இருந்திருக்கும். ஷார்ட்டில் போயாங் எடுத்தது 103.32. ஃப்ரீயில் டோ லூப்பில் விழுந்தும் மொத்தம் 297.77. நேதன் சென் 297.35. ஆறு குவாட் போட்ட சென்னுக்கு முன்னால் நின்றான் என் பையன்.

கணக்குப்பிள்ளை:
0.42 வித்தியாசத்தில். வெண்கலம் வாங்கிய ஸ்பெயினின் ஃபெர்னாண்டஸுக்கும் அவருக்கும் ஏழு புள்ளிக்கு மேல். அந்தப் பக்கக் கணக்கையும் எழுதுங்கள்.

மிலானில் ஹன்யு இல்லை, ஃபெர்னாண்டஸ் இல்லை. பந்தி காலியாகக் கிடந்தது. ஷார்ட்டில் நாலாவது இடம் வேறு. அங்கிருந்து 19வது. இதுதான் நான் சொன்னது.

ஹார்பின் வெறியன்:
ஷார்ட்டில் மூன்றாவதாக இருந்த உங்கள் ஜோ எங்கே முடித்தார்? பதினாலாவது. ஒலிம்பிக்ஸ் முடிந்து ஒரு மாதத்தில் உலகப் போட்டி வைத்தால் உடம்பு இரும்பா? அவரைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? போயாங் விழுந்தால் மட்டும் கணக்கு நோட்டு திறக்கிறது.

கணக்குப்பிள்ளை:
ஜோ என் ஆள் இல்லை. எனக்கு ஆள் யாரும் இல்லை. எனக்குத் தேதிகள் போதும்.

மல்லிகா:
தேதிகளோடு குடித்தனம் நடத்துகிறவர்.

ஸ்கார்பரோ சிவா:
இந்தப் பையனைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஆனால் சீனாவின் பெருமை என்றால் அது ஜோடிப் பிரிவு. ஷென் ஷுவே, ஜாவ் ஹாங்போ. 2010 தங்கம். அவர்கள் போவதைப் பாருங்கள், பனி நோகாது. அப்புறம் 1995ல் உலக சாம்பியனான சென் லூ...

ஹார்பின் வெறியன்:
சிவா அண்ணே, ஜோடிப் பிரிவுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய்ப் பனி நோகாமல் எழுதுங்கள்.

ஸ்கார்பரோ சிவா:
இதுதான் பிரச்சினை. இங்கே மூத்தவர்களுக்கு மரியாதை கிடையாது. என் மகள் நாலு வருடமாக ரிங்குக்குப் போகிறாள், காலை ஐந்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். விளிம்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

மல்லிகா:
வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:
இப்போது புரிந்தது, நன்றி கணக்குப்பிள்ளை அண்ணா. அப்படியென்றால் குவாட் லுட்ஸ் முதலில் போட்டது ம்ரோஸ், லுட்ஸ்-டோ சேர்த்து முதலில் போட்டது போயாங். இரண்டு பேர் சொல்வதும் சரிதானே?

ஹார்பின் வெறியன்:
இல்லை.

கணக்குப்பிள்ளை:
இல்லை.

ஹார்பின் வெறியன்:
தம்பி, நீங்கள் புதிது, அதனால் சொல்கிறேன். இந்த ஆள் 2016 பாஸ்டன் சமயத்திலேயே "பையனின் காம்பொனென்ட் மார்க் தேறாது, ஒரு சீசன்தான்" என்று எழுதியவர். தாவலுக்கு இல்லாமல் ஸ்கேட்டிங் அழகுக்குத் தரும் மார்க் அது. அடுத்த வருடம் அதே பையன் ஃபெர்னாண்டஸைத் தாண்டி மேடையில் நின்றபோது பதினைந்து நாள் இந்தப் பக்கமே வரவில்லை. நான் மறக்கவில்லை. அடுத்த ஒலிம்பிக்ஸ் பெய்ஜிங்கில். சொந்த மண், வயது 24. அப்போது பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பதினைந்து நாள் நான் ஊரில் இல்லை.

2022 வரட்டும். அது வந்தாலும் 2011 போகாது.

ஹார்பின் வெறியன்:
ட்ரிபிள் டோ.

கணக்குப்பிள்ளை:
2011.

மல்லிகா:
சிவா அண்ணே, அந்த 2013 ஷார்ட் புரோகிராம் முன்னிலை பற்றி ஏதோ சொல்ல வந்தீர்களே?