கொரோனாவில் கடை பூட்டிய நட்டத்துக்குக் காப்புறுதி கிடைக்குமா? (லண்டன்)

ஹரோ_சாப்பாட்டுக்கடை | 2021 பெப்ரவரி 9

வணக்கம். ஹரோவில் 60 பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஒரு கடையும் மேல்மாடியில் சின்னதாக ஒரு ஹோலும் வைத்திருக்கிறேன். போன மார்ச் 20 இரவு பூட்டச் சொன்னார்கள், பூட்டினோம். ஜூலை 4 வரைக்கும் டேக்அவே மட்டும்தான். கொத்துரொட்டியைக் கட்டிக் கொடுத்து லண்டனில் வாடகை கட்ட முடியாது என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு உண்மையான வருமானம் மேலே நடக்கும் பிறந்தநாளும் சாமத்திய வீடும் (மஞ்சள் நீராட்டு விழா)தான். அந்த இடைவெளியில் புக் பண்ணியிருந்த 14 விசேஷமும் போய், வாங்கிய முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் காப்புறுதிக் கம்பனிக்கு எழுதினேன். கட்டடத்துக்குச் சேதம் இல்லை, ஆகவே பணம் இல்லை என்று நாலு வரியில் பதில். புரோக்கரும் அதையே சொன்னார், விட்டுவிட்டேன். இப்போது உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம், எல்லாருக்கும் காசு வருகிறதாம் என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. ஒருவர் வேறு 20 வீதம் கமிஷன் தந்தால் எடுத்துத் தருகிறேன் என்று தினமும் போன் பண்ணுகிறார். உண்மையா? யாராவது வாங்கினீர்களா?

பழைய_கிளெய்ம்காரன் | பெப்ரவரி 9

முதலில் அந்த 20 வீதக்காரர் நம்பரை பிளாக் பண்ணுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். (18 வருஷம் இந்த ஊரில் கிளெய்ம் பிரிவில் குப்பை கொட்டியவன் நான்.)

தீர்ப்பு உண்மை, ஜனவரி 15 அன்று வந்தது. நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ, கடைக்காரர்கள் சார்பில் எட்டு காப்புறுதிக் கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுத்து, 21 மாதிரி பாலிசி வாசகங்களை வைத்து நடத்திய வழக்கு அது. ஆனால் எல்லாருக்கும் பணம் என்பது பொய். உங்கள் பாலிசியில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதுதான் எல்லாம். வியாபாரம் நின்றுபோகும் நஷ்டத்துக்கு எடுக்கும் வியாபாரத் தடை காப்பீட்டின் அடிப்படை தீ, வெள்ளம் மாதிரி சொத்துச் சேதம். சேதம் இல்லாமல் பணம் கிடைக்க, பின்னால் தனியாக ஒரு பகுதி சேர்த்திருக்க வேண்டும். அதில் நோய் பற்றி ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். சில பாலிசிகளில் காலரா, டைபாய்டு, பிளேக் என்று நோய்களைப் பட்டியல் போட்டு நிறுத்தியிருப்பார்கள்; கோவிட் புது நோய், பட்டியலில் இருக்காது, அத்தோடு முடிந்தது. வேறு சிலதில் "அரசுக்கு அறிவிக்க வேண்டிய எந்தத் தொற்றுநோயும், கடையிலிருந்து 25 மைலுக்குள்" என்று இருக்கும். இங்கிலாந்தில் 2020 மார்ச் 5 அன்று கோவிட் அறிவிக்க வேண்டிய நோயாகிவிட்டது. லண்டனில் 25 மைலுக்குள் கோவிட் இருந்ததை நிரூபிக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

கம்பெனிகள் வைத்த வாதம் கெட்டிக்காரத்தனமானது. "உங்கள் 25 மைலுக்குள் ஒருவருக்குக்கூட நோய் வராமல் இருந்திருந்தாலும் அரசாங்கம் நாடு முழுக்க மூடித்தான் இருக்கும், அதனால் உங்கள் நஷ்டத்துக்குக் காரணம் உள்ளூர் நோய் இல்லை" என்றார்கள். இதைப் பிரிட்டனின் ஒவ்வொரு ஊரிலும் சொல்லலாம், கடைசியில் எந்த ஊர் நோயும் காரணமில்லை என்று ஆகிவிடும்! நீதிபதிகள் ஒரு பஸ் கதை சொன்னார்கள். 20 பேர் சேர்ந்து ஒரு பஸ்ஸை மலை விளிம்பிலிருந்து தள்ளுகிறார்கள், 13, 14 பேரே அதற்குப் போதும். நான் இல்லாவிட்டாலும் விழுந்திருக்கும் என்று ஒவ்வொருவனும் கையைக் கழுவினால் பஸ்ஸைத் தள்ளியது யார்? அதே மாதிரி, தடை வந்த நாள் வரை நாட்டில் இருந்த ஒவ்வொரு நோயாளியும் சமமான காரணம்தான் என்று முடித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நியூ ஆர்லியன்ஸ் ஹோட்டல் ஒன்று கத்ரீனா புயலில் பட்ட நஷ்டத்தைப் பற்றி, இதே மாதிரி வாதத்தை ஏற்றுக்கொண்ட 2010 தீர்ப்பைத்தான் கம்பெனிகள் கேடயமாகப் பிடித்திருந்தன. அதை எழுதிய நீதிபதி ஹாம்ப்லன், நீதிமன்றத்துக்குப் போகும் முன் அதே தகராறை விசாரித்த நடுவர்களில் ஒருவராக இருந்தவர் லெகட். இந்தத் தடவை முக்கியத் தீர்ப்பை எழுதியவர்கள் இதே இரண்டு பேர். அன்றைக்கு நாங்கள் சொன்னது தவறு என்று தாங்களே தள்ளிவிட்டார்கள்.

சென்னை_மழை | பெப்ரவரி 10

இங்கே இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை சார். தீ பாலிசிக்கு மேல் லாப இழப்புக்கு எடுக்கிறோம் இல்லையா, அதில் முதலில் சொத்து சேதமாகி அந்த கிளெய்ம் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். 2015 வெள்ளத்தில் ஈக்காட்டுத்தாங்கலில் என் அண்ணன் அச்சகம் முங்கியது, மெஷின் போனதால் ஓடாத நாட்களுக்கும் இழுத்தடித்துப் பணம் கொடுத்தார்கள். போன வருஷம் ஊரடங்கில் அதே மெஷின் பளபளவென்று சும்மா நின்றது, ஒரு பைசா கிடையாது.

கணக்குப்பிள்ளை_வெம்பிளி | பெப்ரவரி 10

திருப்பிக் கொடுத்த முற்பணத்தை நட்டமாக எழுதாதீர்கள், அது உங்கள் காசே இல்லை. அந்த 14 விசேஷமும் நடந்திருந்தால் வந்திருக்கும் விற்பனையில் மிஞ்சியிருக்கும் மொத்த இலாபம்தான் நட்டம். அதிலும் டேக்அவே விற்றது கழியும், வாங்காத கோழியும் அரிசியும் கழியும். வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஆட்களுக்கு ஃபர்லோ திட்டத்தில் அரசாங்கம் 80 வீதச் சம்பளம் தந்தது அல்லவா, அதையும் மிச்சமான செலவு என்று கழிக்கிறார்கள். நான் பார்த்த இரண்டு கோப்பில் கடைக்காரர் நினைத்ததில் பாதிகூட மிஞ்சவில்லை.

ஹரோ_சாப்பாட்டுக்கடை | பெப்ரவரி 12

பெட்டியைக் கிண்டி பாலிசிப் புத்தகத்தை எடுத்தேன் அண்ணை. 41ஆம் பக்கத்தில் இருக்கிறது! அறிவிக்க வேண்டிய மனிதத் தொற்றுநோய், 25 மைல். பட்டியல் இல்லை. ஆனால் மூன்று மாதம் மட்டும், உச்சம் ஒரு இலட்சம் பவுண்ட்ஸ். ஓகஸ்டில் புதுப்பித்தபோது வந்த புத்தகத்தில் தொற்றுநோய்க்குக் காப்பு இல்லை என்று புதிதாக ஒரு பக்கம் சொருகியிருக்கிறார்கள், நான் பார்க்காமலே காசு கட்டியிருக்கிறேன். அப்போ நவம்பரிலும் இப்போதும் பூட்டியது எல்லாம் போனதுதானா? டேக்அவே நடத்தியதால் கடை பூட்டவில்லை என்று சொல்லுவார்களா?

பழைய_கிளெய்ம்காரன் | பெப்ரவரி 12

நவம்பர், டிசம்பர், இப்போது நடப்பது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். டேக்அவே பற்றி பயம் வேண்டாம். வியாபாரத்தின் தனியான ஒரு பகுதியை நடத்த முடியாமல் போனாலும் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உங்களுக்கு உட்கார்ந்து சாப்பிடுவதும் ஹோலும் நின்றுபோனது.

41ஆம் பக்கத்தைப் படம் பிடித்து, தீர்ப்பின்படி மறுபடி பார்க்கச் சொல்லி கம்பெனிக்கு மெயில் போடுங்கள், புகார் என்ற வார்த்தையை அதில் எழுதுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, மறுத்தாலோ, இந்தக் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். உங்கள் அளவு கடைக்கு அது இலவசம், கமிஷன்காரர் தேவையில்லை. இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஏப்ரல் கடிதத்தில் ஆம்புட்ஸ்மன் பற்றி ஒரு வரியாவது இருந்ததா? இல்லையென்றால் அதை இறுதிப் பதிலாக எண்ண முடியாது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். அந்த 14 விசேஷமும் ரசீதில் இருக்கிறதா? வரிக் கணக்கில் காட்டாத விற்பனையை இங்கே கூட்டி எழுதினால் மோசடி என்று முழு கிளெய்மையும் தள்ளிவிடுவார்கள்.

ஹரோ_சாப்பாட்டுக்கடை | பெப்ரவரி 13

கடிதத்தில் ஆம்புட்ஸ்மன் என்ற சொல்லே இல்லை. ரசீது ஒன்பதுக்கு இருக்கிறது. மிச்சம் ஐந்தும் மனைவியின் டயரியில் பென்சிலால் எழுதியது, காசாக வாங்கியது. ஒன்பதையே போடுகிறேன் அண்ணை. மெயில் இன்றைக்கே போகும்.