பழைய லேப்டாப்பில் ஊர் வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் தெரியவில்லை

மஞ்சள்_மூலை (ஜூலை 27, இரவு 9:40)

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை கட்டுவது தொழில். அச்சடிப்பது தங்கசாலைப் பக்கம் வேறொருவர். எழுத்துக் கோத்து, ப்ரூஃப் பார்த்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது வரை என் பாடு. அதற்கு இருக்கும் ஒரே கருவி 2010இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 7, 2 ஜிபி ராம். வயதானாலும் வேலையில் குறை வைத்ததில்லை.

பேட்டரி உயிரை விட்டு மூன்று வருடமாகிறது. அடாப்டர் ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். சமீபமாக, மறுபடி போட்டால் தேதி 2010 ஜனவரி 1 என்று காட்டுகிறது. மணியை மட்டும் சரிசெய்துகொள்வேன். தேதி எனக்கு எதற்கு, காலண்டர் சுவரில் தொங்குகிறது. இதற்கும் என் கேள்விக்கும் சம்பந்தம் இருக்காது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

விஷயம் இதுதான். இத்தனை நாள் டெலிபோன் ஒயரில் வந்த நெட் இருந்தது, லேப்டாப் அதில் ஒழுங்காக ஓடியது. போன மாதம் ஃபைபருக்கு மாறினோம். புது வைஃபை பெட்டி (ரவுட்டர்) வந்தது. மகள் போன், என் போன், டிவி எல்லாம் சேர்ந்துகொண்டன. லேப்டாப்பில் மட்டும் எங்கள் வீட்டுப் பெயரே வருவதில்லை. பட்டியலை எண்ணிப் பார்த்தேன், 17 பெயர்கள். எதிர் மாவு மில், மாடி டியூஷன் சென்டர், யாரென்றே தெரியாத நாலு பேர். நம் பெட்டி என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டு பச்சை விளக்கு காட்டுகிறது, அது இல்லை.

மகள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தோம். அதில் உடனே சேர்ந்தது. ஆனால் மெயில் பக்கம் மட்டும் சிவப்பாக ஏதோ திட்டியது, போன் சிக்னல் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

லைன் போட வந்த பையன், “சார், இது மியூசியத்துக்குப் போக வேண்டியது” என்று சிரித்துவிட்டுப் போனான். இப்போது ஆடி, வேலை இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தினம் இரண்டு நடை வெயிலில் நடக்க வேண்டும். லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டை மாற்ற வேண்டுமா?

ரிச்சி_ரவுண்டு (ஜூலை 27, இரவு 10:15)

பதினைந்து வருஷ மெஷினோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் ஆபீஸில் கழித்துவிட்ட நல்ல லேப்டாப் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். நாலு வருஷம் கவலை இல்லை. நேரமும் காசுதானே.

மஞ்சள்_மூலை (ஜூலை 27, இரவு 10:50)

வாங்கத் தயார்தான் தம்பி. என் தொழில் அதற்குள் குடியேற மாட்டேன் என்கிறதே. பக்கம் கட்டும் பழைய மென்பொருள் பேஜ்மேக்கர் 7இல் கட்டிய ஃபைல்கள் ஆயிரத்துக்கு மேல். எழுத்துரு எல்லாம் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) முந்தியது. புது மெஷினில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கிறது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, தெரியும். ஆனால் 2002இல் அம்மா கல்யாணத்துக்குக் கட்டிக் கொடுத்த அதே வார்ப்பில் மகளுக்கும் வேண்டும் என்று வந்து நிற்கிறார்களே, அவர்களிடம் அரசாணையையா காட்டுவது? இந்து வீட்டுக்கு ஒன்று, ராயபுரம் கிறிஸ்தவ வீடுகளுக்கு ஒன்று, முத்தியால்பேட்டை நிக்காஹ் பத்திரிகைக்கு ஒன்று, எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது.

ஈயப்பற்று (ஜூலை 28, காலை 7:05)

அண்ணா, முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். கார்டு மாற்ற வேண்டாம். நான் கல்மண்டபம் பக்கம் ரிப்பேர் பார்க்கிறேன், இப்படி ஒன்று வந்தால் நான் கேட்கிற முதல் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். 17 பெயர் தெரிகிறது, ஹாட்ஸ்பாட்டில் சேர்கிறது. அப்படியென்றால் கார்டு உயிரோடு இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் இருக்கிறது, உள்ளே ஆன்டெனா ஒயரும் கழன்றுவிடவில்லை. (நம் பக்கத்து உப்புக்காற்றில் கார்டின் பற்கள் கறுத்துப்போய் வருவதும் உண்டு. பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் எழுந்துவிடும். உங்களுடையது அந்தக் கேஸ் இல்லை.)

வைஃபை வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது, பெயரே தெரியவில்லையா, இல்லை பெயர் தெரிந்தும் சேர மாட்டேன் என்கிறதா. இரண்டும் வேறு வேறு வியாதி. பெயர் தெரிந்து சேராவிட்டால் பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை பக்கம் பார்க்க வேண்டும். பெயரே தெரியாவிட்டால் பாஸ்வேர்டை நூறு தடவை அடித்தும் பயன் இல்லை, பெட்டி பேசுகிற இடத்தில் லேப்டாப்புக்குக் காது இல்லை என்று அர்த்தம். உங்களுக்குப் பெயரே தெரியாத வியாதி.

பெட்டிக்கு இரண்டு அலைவரிசை உண்டு, 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். 2010 லேப்டாப்பில் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் இருக்கும். லைன் போட்டவர் 2.4ஐ அணைத்துவிட்டுப் போயிருந்தால் லேப்டாப்பில் உங்கள் வீட்டுப் பெயர் தெரியாது. அதை முதலில் பாருங்கள்.

அது ஆனில் இருந்தால் எனக்குச் சந்தேகம் சேனல் மேல், அதாவது அலைவரிசைக்குள் பிரித்து எண் போட்ட தடம். 2.4க்குள் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கம் 11 வரைதான். அந்த அமைப்போடு வந்த பழைய கார்டுகள் 12, 13 பக்கம் திரும்பியே பார்க்காது. புதுப் பெட்டியில் சேனல் ‘ஆட்டோ’வில் இருக்கும். உங்கள் சந்தில் 17 பெட்டி 1, 6, 11 என்று இடம் பிடித்துக் கத்திக்கொண்டிருக்க, புதிதாக வந்தது “அட, 13 காலியாக இருக்கிறதே” என்று போய் உட்கார்ந்திருக்கும். போனுக்கு 13 கேட்கும், டிவிக்குக் கேட்கும். லேப்டாப்புக்குக் கேட்காது.

மூன்றாவது சந்தேகம் வைஃபை 6 என்கிற புதிய வைஃபை முறை. பெட்டி அந்த முறையில் அறிவிப்பு அனுப்பினால், பழைய டிரைவர் போட்ட சில கார்டுகள் அந்தப் பெயரையே காட்டாது. இன்டெல் தன் உதவிப் பக்கத்திலேயே இதை எழுதி, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. புது டிரைவர் இல்லாத கார்டாக இருந்தால் 2.4இல் மட்டும் அந்த முறையை அணைத்து, பழைய முறைகளான ‘பி/ஜி/என்’ என்று வைத்தால் போதும்.

செய்ய வேண்டியது: போன் பிரவுசரில் 192.168.1.1 போடுங்கள், பெட்டியின் செட்டிங்ஸ் பக்கம் வரும், வராவிட்டால் 192.168.0.1. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 2.4க்குள் போய் இப்போது எந்தச் சேனல் ஓடுகிறது என்று பாருங்கள். எதையும் மாற்றும் முன் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதுதான் காப்பாற்றும்.

மஞ்சள்_மூலை (ஜூலை 28, மதியம் 1:20)

தங்கச்சி, 13! அப்படியே 13! மகள் கத்திய கத்தலில் கீழ் வீட்டு அம்மா என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

6க்கு மாற்றினேன். ஒரு நிமிஷம் எல்லார் போனும் நின்றது, டிவியில் சீரியல் நின்றதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் லேப்டாப்பில் பட்டியலைத் திறந்தால் மாவு மில்லுக்கு மேலே எங்கள் பெயர், ஐந்து கோடும் முழுசாக. ஆனால் பாஸ்வேர்டு போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இணைக்க முடியவில்லை என்கிறது. முதல் வியாதி போய் இரண்டாவது வந்துவிட்டதா?

ரிச்சி_ரவுண்டு (ஜூலை 28, மதியம் 1:45)

செக்யூரிட்டியை ‘ஓப்பன்’ ஆக்கிவிடுங்கள், பாஸ்வேர்டே கேட்காது. இல்லாவிட்டால் டிகேஐபி என்கிற பழைய பூட்டு முறையை வையுங்கள், பழைய மெஷினுக்கு அதுதான்.

நேதாஜி_நகர்_நெட் (ஜூலை 28, மாலை 6:30)

மேலே சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். தண்டையார்பேட்டையில் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போடுகிறவன் நான். ஓப்பன் வைத்தால் அந்த 17 வீட்டில் பாதி ராத்திரிக்குள் உங்கள் லைனில் படம் பார்ப்பார்கள். டிகேஐபி வைத்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது, 802.11என் (மேலே வந்த ‘பி/ஜி/என்’னில் உள்ள என்) முறையில் அதற்கு இடமே கிடையாது. பாதுகாப்பும் ஓட்டை.

சார் பெட்டியில் செக்யூரிட்டி ‘டபிள்யூபிஏ3’ என்றோ ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்றோ இருக்கும் பாருங்கள். இவை வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறைகள், டபிள்யூபிஏ3 வந்ததே 2018இல். விண்டோஸ் 7க்கு அது தெரியாது. இரண்டும் கலந்து வைத்தால் பழையது டபிள்யூபிஏ2 வழியாக நுழைய வேண்டும், பல மெஷின் நுழைந்தும் விடும். சில பழைய டிரைவர்கள் மட்டும் அந்தக் கலப்பு அறிவிப்பிலேயே குழம்பி நின்றுவிடும்.

வீடு முழுவதையும் டபிள்யூபிஏ2க்கு இறக்க வேண்டாம். ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று, விருந்தாளிகளுக்காகத் தனிப் பெயரில் ஓடும் வைஃபை ஒன்று இருக்கும். அதை 2.4இல் மட்டும் ஆன் செய்து, வேறு பெயர் வைத்து, செக்யூரிட்டி ‘டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்’ (டிகேஐபிக்குப் பதில் வந்த வலுவான பூட்டு) கொடுங்கள். லேப்டாப் அதில் இருக்கட்டும், போனும் டிவியும் பழையபடி பெரிய வீட்டில் இருக்கட்டும். கெஸ்ட்டும் அதே சேனலில்தான் ஓடும், அதனால் 6 அப்படியே நிற்க வேண்டும், மறுபடி ஆட்டோவுக்குப் போகாதீர்கள். கெஸ்ட்டில் இருக்கும் மெஷினுக்கு வைஃபை பிரின்டர் தெரியாது. உங்களுக்கு அப்படி பிரின்டர் உண்டா?

மஞ்சள்_மூலை (ஜூலை 28, இரவு 9:10)

பிரின்டர் ஒயர்தான், கவலை இல்லை. பெட்டியில் இருந்தது நீங்கள் சொன்ன கலப்புதான். கெஸ்ட்டுக்கு ‘மணவறை’ என்று பெயர் வைத்தாள் மகள். பாஸ்வேர்டு போட்ட கையோடு சேர்ந்துகொண்டது. எனக்குக் கை நடுங்கிவிட்டது, உண்மையைச் சொன்னால்.

ஆனால் பாருங்கள், மெயில் திறந்தால் அதே சிவப்புத் திட்டு, இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லையாம். எந்தப் பக்கம் போனாலும் அதே. பெட்டியில் நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

ஈயப்பற்று (ஜூலை 28, இரவு 9:25)

அண்ணா, லேப்டாப்பில் வலது மூலையில் தேதி என்ன?

மஞ்சள்_மூலை (ஜூலை 28, இரவு 9:32)

ஜனவரி 1, 2010. நேரம் மட்டும் சரி.

ஈயப்பற்று (ஜூலை 28, இரவு 9:50)

சுவர்க் காலண்டர் உங்களுக்குப் போதும், மெயிலுக்குப் போதாது. ஒவ்வொரு இணையப் பக்கமும் ஒரு சான்றிதழைக் காட்டும், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் லேப்டாப் 2010இல் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதுதான் திட்டு. ஹாட்ஸ்பாட்டில் வந்ததும் இதேதான், போன் சிக்னல் பாவம். இப்போதைக்கு வருஷம், மாதம், தேதி எல்லாம் கையால் சரிசெய்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் உள்ளே ஒரு காசு அளவு பேட்டரி இருக்கிறது, பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில மாடலில் சாக்கெட்டில் வெறுமனே உட்கார்ந்திருக்கும், நகத்தால் நெம்பினால் வரும். சிலதில் கறுப்பு உறை சுற்றி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் வைத்துச் சின்ன பிளக்கில் மாட்டியிருக்கும். அதில் வெறும் பேட்டரியை வாங்கி ஈயம் வைக்க முயலாதீர்கள், சூட்டில் வெடிக்கும். ஒயரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. குரோமும் அதில் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 7இல் ஓடுகிற கடைசி ஃபயர்பாக்ஸ் பிரவுசரான 115 இஎஸ்ஆர் போட்டுக்கொள்ளுங்கள். பிடிஎஃப் அனுப்புங்கள், அவ்வளவுதான். பேங்க் வேலையைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த ஆயிரம் ஃபைலும் வேறு ஒரு டிஸ்க்கில் இருக்கிறதா?

மஞ்சள்_மூலை (ஜூலை 29, காலை 11:15)

தேதியை மாற்றியதும் மெயில் வாயை மூடிக்கொண்டு திறந்தது. முதல் பிடிஎஃப் போய்ச் சேர்ந்தது, ஆவணி 12 கல்யாணம், பெரிய அட்டை, 4 பக்கம். அச்சகத்திலிருந்து போன் செய்து, “உடம்பு சரியில்லையா, ஆளைக் காணோமே” என்று கேட்டார்கள்.

பேட்டரி ஒயர் வைத்த ரகம்தான். கழற்றித் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கல்மண்டபம் வருகிறேன் தங்கச்சி. ஃபைல் வேறு டிஸ்க்கில் இல்லை. அதையும் கையோடு கொண்டுவருகிறேன், திட்டாமல் ஒரு வழி சொல்லுங்கள்.