பொருள்: [கலைச்சொல்] மெல்ல மெல்லப் பயம் ஏற்றும் படத்துக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

சுங்கை சிப்புட்டிலிருந்து, செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை இரவு இங்குள்ள மண்டபத்தில் ஒரு மலாய்த் திகில் படம் திரையிடுகிறோம். குறைந்த செலவில் எடுத்த தனிப்படம். காட்டோரக் குடும்பம், வழக்கொழிந்த ஒரு சடங்கு, முதல் முக்கால் மணி நேரத்தில் எதுவும் பாய்ந்து வந்து மிரட்டாது. படம் முடிந்ததும் பார்வையாளர் கருத்துப் படிவம் கொடுக்க வேண்டும். 120 படி, வெள்ளி மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

சிக்கல் மூன்றாம் கேள்வியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 'ஸ்லோ பர்ன்' (மெல்ல எரிவது) என்கிறார்கள். 'மெதுவான படம்' என்று தமிழில் போட்டால் நம் மக்கள் அதைக் குறையாகத்தான் படிப்பார்கள். 'இழுவை' என்ற சொல் எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது. வேண்டுமென்றே மெதுவாக எடுத்த படத்தையும், எடுக்கத் தெரியாமல் மெதுவாகிப் போன படத்தையும் ஒரே கட்டத்தில் குறி போட வைத்தால் வரும் பதில்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த இரண்டையும் பிரிக்கும் சொல் வேண்டும்.

சேர்த்து இன்னும் இரண்டு: 'ஜம்ப் ஸ்கேர்' (திடீரென்று பாய்ந்து மிரட்டும் காட்சி), 'ஃபோக் ஹாரர்' (ஊர்ச் சடங்கு, நம்பிக்கையிலிருந்து பிறக்கும் திகில்).

தைப்பிங்கிலிருந்து, செவ்வாய் மதியம்

தம்பி, தேடவே வேண்டாம். நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல், உள்ளே கங்கு. பார்த்தால் அணைந்தது போல் இருக்கும், ஊதினால் சிவக்கும். பாட்டி முதல் பேரன் வரை தெரிந்த வழக்கு. 'நீறுபூத்த திகில்' என்று போடுங்கள்.

கோலா செப்பாத்தாங் கரிச்சூளைக்காரர்களிடம் கேட்டால் இதன் நுட்பம் புரியும். சதுப்பு மரத்தை உள்ளே அடுக்கி வாயை அடைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் வெப்பத்தைக் காக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று புகையின் நிறத்தையும் மணத்தையும் வைத்துத்தான் சொல்கிறார்கள். அவசரப்பட்டுக் காற்றை விட்டால் மரம் கரியாகாமல் சாம்பலாகிவிடும். நல்ல திகில் படமும் காற்றை அடக்கித்தான் வேகிறது.

'ஜம்ப் ஸ்கேர்' என்பதற்குத் 'திடுக்காட்சி' போதும்.

கோல கங்சாரிலிருந்து, செவ்வாய் இரவு

திடுக்காட்சி எனக்கும் உடன்பாடே. அதை முடித்துவிடுவோம்.

'நீறுபூத்த' என்பதில் ஒரு தடை. நம் வழக்கில் நீறு பூத்த நெருப்பு என்றால் அடங்கியிருக்கும் பகை, அடங்கியிருக்கும் திறமை. வெளியே தெரியாமல் ஒரே நிலையில் இருப்பது அதன் பொருள். தம்பி கேட்பதோ நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகும் அச்சம். இருப்பு வேறு, ஏற்றம் வேறு.

அதோடு 'திகில்' என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். தெலுங்கில் திகுலு, கன்னடத்தில் திகிலு. ஆகவே இனச்சொல் உண்டு, வடசொல் அன்று, பயமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். 'பீதி' வேண்டாம். திகில் என்பது திகைத்தலோடு உறவுடையது என்பது என் நெடுநாள் எண்ணம். திகைப்பில் உடல் நின்றுவிடுகிறது, ஓட்டம் இல்லை. அச்சத்துக்கென்றே தொல்காப்பியர் உரியியலில் 'பேம் நாம் உரும் என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்று மூன்று சொல் தருகிறார். 'நாம்' என்ற அந்தச் சொல்லை யாராவது மீட்டெடுத்தால் என்ன? 'நாமப்படம்' என்று சொல்லிப் பாருங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, புதன் காலை

ஐயா, மன்னிக்கவும். 'நாமப்படம்' என்று சுவரொட்டியில் போட்டால் பெருமாள் படம் என்று நினைத்து வருவார்கள். படிவத்தைப் பேருந்து நிலையத்துக் கடைக்காரரும் நிரப்ப வேண்டும், ஐந்தாம் படிவப் பள்ளி மாணவரும் நிரப்ப வேண்டும்.

சொல் பிரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் படம் வெளியாகும் முதல் இரவே அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குகிறது. இதே வகையில் வந்த 'தி விட்ச்' படத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், அந்த அட்டையில் கிடைத்ததோ சி மைனஸ். 2018இல் 'ஹெரெடிட்டரி'க்கு டி பிளஸ். திடுக்காட்சியை எதிர்பார்த்து வந்தவருக்கு அது வரவில்லை என்றால், வந்ததை அளக்க அவர் கையில் அளவுகோல் இல்லை. அவர் 'மோசம்' என்றுதான் எழுதுவார். அவர் மேல் தவறில்லை.

பாரிட் புந்தாரிலிருந்து, புதன் மதியம்

உமித்தீ.

கிரியான் வயல் பக்கத்து அரிசி ஆலை உமிமேட்டில் ஒரு கங்கு விழுந்தால் சுடர் வராது. மேலே கறுக்கும், ஒரு கோடு புகை நிற்கும், உள்ளுக்குள் தீ பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் ஓரத்தில் வைத்தது மறுநாள் நடுவில் இருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் மேல் அடுக்குதான் நனையும். பொற்கொல்லர்கள் உமியைத் தேர்ந்ததும் இதனால்தான், சீரான சூடு, சுடர் எழாது. கோல கங்சார் ஐயா கேட்ட ஏற்றமும் இதில் உண்டு. 'உமித்தீப் படம்'.

ஈப்போவிலிருந்து, புதன் இரவு

டீச்சர், உமித்தீ அழகான சொல். ஆனால் தோட்டப்புறத்தில் வளர்ந்த பிள்ளைக்கு உமி தெரியாது. பால்மரமும் செம்பனையும்தான் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த மெதுவான தீ ரப்பர் புகைக்கூடம். ஷீட்டை மூங்கிலில் தொங்கவிட்டு நான்கு நாள் புகை. முதல் நாள் 40 பாகை அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் ஏற்றி 60 பாகைக்குக் கொண்டுவருவார்கள். முதல் நாளே சூட்டைக் கூட்டினால் மேல்தோல் காய்ந்து ஈரம் உள்ளே மாட்டிக் குமிழ் குமிழாக வெடிக்கும். சூடு போதாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இந்த வகைப் படம் கெடுவதும் இந்த இரண்டு வழியில்தான். தொடக்கத்திலேயே ஒரு பேயைக் காட்டினால் குமிழ், ஒரு மணி நேரம் ஒன்றையும் ஏற்றாவிட்டால் பூஞ்சை.

என் முன்மொழிவு 'கனல்படம்'. கனலும் படம், கனன்ற படம், கனல்கின்ற படம், முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. 'கொல்களிறு' போல லகரம் அப்படியே நிற்கும். 'கனற்படம்' என்று எழுதாதீர்கள், அது நெருப்பைப் பற்றிய படம் என்றாகிவிடும். 'கனல்' என்று பெயராக வைத்துத் 'திகில்' சேர்த்தால் 'கனற்றிகில்' என்று வரும், யாருக்கும் வாயில் நுழையாது. ஆகவே 'படம்' என்றே முடிப்போம்.

கோல கங்சாரிலிருந்து, வியாழன் விடியல்

ஈப்போ நண்பர் சொன்ன புணர்ச்சி விதி சரி. என் மறுப்பு வேறிடத்தில். நாம் எல்லாரும் ஏன் தீயையே சுற்றிக்கொண்டிருக்கிறோம்? ஆங்கிலக்காரன் தீ என்றான், நாமும் நீறு, கரி, உமி, கனல் என்று அவன் அடுப்பிலேயே விறகு வைக்கிறோம். சொல் மட்டும் தமிழாக இருந்தால் போதாது, உவமையும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையைப் பாருங்கள். 'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து / நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் / பாலை என்பதோர் படிவம் கொள்ளும்.' பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. நல்ல நிலம் சிறிது சிறிதாகத் திரிந்து பாலையாகிறது. இந்த வகைப் படம் செய்வதும் இதைத்தானே! முதல் காட்சியில் பார்த்த அதே காடு, அதே வீடு, கடைசியில் வேறாக நிற்கிறது. இடையில் எந்த நொடியில் மாறியது என்று சுட்ட முடியாது. அந்த அடியிலேயே இளங்கோ ஒரு வினைத்தொகையும் கொடுத்திருக்கிறார்: நடுங்குதுயர். அந்த அச்சில் வார்த்தால் 'ஊறுதிகில்'. சுவரில் நீர் ஊறுவது போல ஊறும் திகில். 'ஊறு' என்பதற்குத் தீங்கு என்ற பொருளும் பின்னால் நிற்பது கூடுதல் வலு. தீங்கு என்ற பெயராகவே கொண்டால் றகரம் இரட்டித்து 'ஊற்றுத்' என வரும் வாய்ப்பு உண்டு. இரட்டாமல் எழுதினால் வினைத்தொகை என்பது வெளிப்படை.

'ஃபோக் ஹாரர்' பற்றி: தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், இறை (தலைமை உடையவர்). சாதாரணப் பேய்ப்படம் அணங்கோடு நிற்கும். இந்த வகையில் அணங்கும் இறையும் சேர்ந்துகொள்கின்றன. ஊர்ப்பெரியவர், பூசாரி, அவர்கள் விதித்த முறை, அதை மீற முடியாத தனியாள். 1973இல் வந்த 'தி விக்கர் மேன்' முழுக்க இதுதான், அங்கே பேயே கிடையாது, தீவும் தலைவனும் அறுவடையும்தான். ஆகவே 'அணங்குப்படம்' என்பது பாதிதான். 'ஊரணங்கு' என்றால் முழுமை.

ஈப்போவிலிருந்து, வியாழன் காலை

ஐயா, ஊறுதிகில் என்றதும் ஊறுகாய்தான் நினைவுக்கு வருகிறது. அச்சப் படத்தின் விளம்பரத்தில் அது தடை. 'ஊரணங்கு'க்கு நான் முழு ஆதரவு. 'நாட்டார் திகில்' என்று தமிழகத்தில் எழுதுகிறார்கள், ஆனால் அங்கே 'நாட்டார்' குலப்பெயராகவும் வழங்குகிறது.

பாரிட் புந்தாரிலிருந்து, வியாழன் காலை

ஊறுகாய்க்கும் நாள் பிடிக்கத்தான் செய்கிறது. அந்த நினைவு வந்தால் கெடுதல் இல்லை. என் உமித்தீயை விட்டுவிட்டு ஊறுதிகில் பக்கம் வருகிறேன். ஆனால் ஒன்று: 'ஊரணங்கு', 'ஊறுதிகில்' இரண்டையும் ஒரே சுவரொட்டியில் போடாதீர்கள். ரகரமும் றகரமும் குழம்பி, அச்சகத்தில் ஒன்றைப் பிழை என்று 'திருத்தி' வைப்பார்கள்.

தைப்பிங்கிலிருந்து, வியாழன் மதியம்

சொல் எதுவானாலும், சனிக்கிழமை மண்டபம் சரியாக இல்லாவிட்டால் எல்லாரும் 'இழுவை' என்றுதான் எழுதுவார்கள். இந்தப் படங்களில் அச்சம் பாதி அடிச்சுருதியில் இருக்கிறது, காதுக்குக் கேட்டும் கேட்காத ஒரு முழக்கம். கல்யாண மண்டபத்துச் சின்ன ஒலிபெருக்கியில் அது வரவே வராது. தாழ்ஒலிப் பெட்டி ஒன்றாவது வாடகைக்கு எடுங்கள். ஒலி அளவைச் சண்டைக் காட்சியில் வைக்காதீர்கள், மெல்லப் பேசும் காட்சியில் வைத்துப் பின்வரிசையில் நின்று கேளுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் அமைதியான காட்சி எல்லாம் போச்சு. மாலை மழை ஓய எட்டரைக்கு மேல் தொடங்குங்கள். சுவர் விசிறி முழு வேகத்தில் வேண்டாம். இருட்டுக் காட்சிகள் அதிகம், சன்னல் மேல்கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், தெருவிளக்கு வெளிச்சம் திரையை வெளுக்க வைக்கும்.

படிவத்தில் 'படம் மெதுவாகவும் சலிப்பாகவும் இருந்தது' என்ற வரி பார்த்தேன். ஒரே வரியில் இரண்டு கேள்வி. மெதுவாக இருந்தது, ஆனால் சலிக்கவில்லை என்பவர் எங்கே குறி போடுவார்? பிரியுங்கள். இன்னொன்று, இரண்டு நாள் கழித்து ஒரு கேள்வி அனுப்புங்கள்: 'படத்தில் எந்த இடம் இன்னும் மனசில் நிற்கிறது?' இந்த வகைப் படத்தின் பயம் வீட்டுக்குப் போய்த்தான் வேலை செய்யும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துக் 'கனல்படம்' ஐந்து, 'ஊறுதிகில்' மூன்று, 'நீறுபூத்த' ஒன்று. கனல்படம் என்று அச்சுக்குப் போகிறது. மூன்றாம் கேள்வி இப்போது இப்படி:

3 (அ) படம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது? (1 முதல் 5)
3 (ஆ) அந்த மெதுவு உங்களுக்குப் பயத்தை ஏற்றியதா, சலிப்பை ஏற்றியதா? (பயம் / சலிப்பு / இரண்டும் / இரண்டும் இல்லை)
3 (இ) இது கனல்படமா? (பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசி வரை இறங்காத படம்)

விளக்கம் சொல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சொல் புரியாதவரும் பதில் சொல்லலாம். திடுக்காட்சிக்கு எதிர்ப்பு இல்லை. ஊரணங்கு சுவரொட்டியில் மட்டும்.

கோல கங்சாரிலிருந்து, வெள்ளி விடியல்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். 'இணையம்' என்று சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்தபோது அதில் யாருடைய வலையும் இல்லை. இணைதல் என்ற நம் வினையிலிருந்தே எடுத்தார், இன்று மாற்றுச் சொல் கேட்பாரில்லை. ஊறுதிகில் அந்த வழியில் வந்த சொல் என்பது என் நிலை. படிவத்தில் ஐந்தாம் கேள்வியாக, 'இந்தப் பயத்தை உங்கள் சொல்லில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று ஒரு வெற்றுவரி விடுங்கள் தம்பி. தோட்டத்து ஆயா ஒருவர் எழுதும் சொல் நம் எல்லாருடையதையும்விடச் சரியாக இருக்கக்கூடும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வெள்ளி காலை

ஐயா, சேர்த்துவிட்டேன். இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.