‘எக்ஸ்போர்ட்’ கட்டளைக்குத் தமிழ்: ஏற்றுமதி வேண்டாம், சூழலேற்றம் என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கையேட்டில், நாம் தட்டச்சிடும் கட்டளைகளை இயக்கும் நிரலான ஷெல்லின் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையை ‘ஏற்றுமதி’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்றுமதியான சரக்கு நம் கையை விட்டுப் போய்விடும். ஷெல்லிலோ எக்ஸ்போர்ட் செய்த மாறி (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்) தாய்ச்செயலான ஷெல்லிடமே இருக்க, அது தொடங்கிவைக்கும் ஒவ்வொரு சேய்ச்செயலுக்கும், அதாவது நிரலுக்கும், மதிப்பின் நகல் ஒன்று போகிறது. சேய் தன் நகலைத் திருத்தினாலும் தாயிடம் உள்ளது மாறாது. தவிரவும், லிப்ரெஆபீஸ் போன்ற செயலிகளில் கோப்பை வேறு வடிவத்தில் சேமிப்பதற்கு அந்தச் சொல் பொருத்தமாகவே வழங்கிவருகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

நான் கற்பிக்கும் மாணவர் ஒருவர், எந்த உரைத்திருத்தி திறக்கவேண்டும் என்று குறிக்கும் ‘எடிட்டர்’ என்னும் மாறிக்கு ‘நானோ’ என்ற உரைத்திருத்தியை மதிப்பாகக் கொடுத்துவிட்டு, நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’டில் மாற்றத்தைப் பதிந்தார், திறந்தது என்னவோ விம் என்னும் வேறோர் உரைத்திருத்தி. மாறியின் மதிப்பைத் திரையில் காட்டப் பயன்படும் ‘எக்கோ’ கட்டளை நானோ என்றே காட்டியதால் அவருக்குக் குழப்பம் கூடியது. மதிப்பு ஷெல்லுக்குள் இருந்தது, சூழலில், அதாவது சேய்ச்செயல்களுக்குப் போகும் மாறிகளின் தொகுப்பில், ஏறவில்லை. அதனால் கிட் அதைப் பார்க்கவே இல்லை. அதே மாணவர் முந்தைய நாள் மொழியைக் குறிக்கும் ‘லாங்’ மாறியை இதே முறையில் மாற்றியபோது, எக்ஸ்போர்ட் இல்லாமலே வேலை நடந்திருந்தது. அந்த மாறி உள்நுழையும்போதே சூழலில் ஏறியிருந்ததே காரணம். ஆகவே நாம் பெயரிட வேண்டியது ஓர் அனுப்புதலுக்கு அன்று, மாறியின் ஒரு நிலைக்கு.

இதனால்தான் ‘சூழலேற்று’ என்ற வினையையும் ‘சூழலேற்றம்’ என்ற பெயரையும் முன்மொழிகிறேன். பதிவேற்றம், பதிவிறக்கம் என்பவை நாவில் பழகிவிட்டதால் இந்த அமைப்பு யாருக்கும் புதிதாக இராது. ‘சூழலேற்றிய மாறி’, ‘சூழலேற்றாத மாறி’ என்று சொன்னாலே மேற்கண்ட இரண்டு நிகழ்வுகளும் விளங்கிவிடும்.

சூழலில் உள்ள மாறியை ‘சூழல் மாறி’ என்று இடம்விட்டு எழுதுவதையும் கைவிட வேண்டுகிறேன். ‘சூழல் மாறிவிட்டது’ என்பதன் முற்பகுதி போல அது ஒலிக்கிறது. ‘சூழல் மாறி இயங்கும் நிரல்’ என்று எழுதினால் மாறியது எது என்று வாசகர் தயங்குவார். இலக்கணப்படி ‘சூழன்மாறி’ எனப் புணர்த்தலாம் என்றாலும் வேர்ச்சொல் மறைந்துவிடும் என்பதால், ‘சூழல்மாறி’ என்று சேர்த்தெழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல்லிலிருந்தே எக்ஸ்போர்ட் இருந்துவருகிறது; அதன் கட்டளைப் பெயரை யாரும் மாற்றப்போவதில்லை. நாம் தேடுவது விளக்கவுரைக்கான சொல் மட்டுமே.

கட்டளைக்கு முன்னால் அதே வரியில் மதிப்பைக் கொடுத்து நிரலை இயக்கும்போது, அந்த ஓர் இயக்கத்துக்கு மட்டும் மாறி சூழலில் ஏறுகிறது. இதை ‘ஒருமுறைச் சூழலேற்றம்’ எனலாம். பாஷ் என்னும் ஷெல்லில் எக்ஸ்போர்ட்டுடன் ‘-n’ விருப்பத்தைக் கொடுத்தால் மதிப்பு ஷெல்லில் தங்கி, சூழலிலிருந்து மட்டும் நீங்கும். மாறியையே அழிக்கும் ‘அன்செட்’ கட்டளையிலிருந்து இதைப் பிரித்துக்காட்ட ‘சூழலிறக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். இறக்கம் என்றதும் பதிவிறக்கம் நினைவுக்கு வந்து, ஏதோ உள்ளே வருவதாகத் தோன்றுமோ என்ற ஐயம் இருக்கிறது. ‘சூழல்நீக்கம்’ அதைவிடத் தெளிவா என்று பயன்படுத்துவோர் சொல்லவேண்டும்.