பிரிட்டிஷ் கடற்படை அதிகாரித் தொப்பி: கிரீடம் ஒரு காலத்தையும் உறைத்துணி வேறொரு காலத்தையும் சொல்கின்றன

நெய்தல்வாசி:
வணக்கம். சென்ற மாதம் இணைய ஏலம் ஒன்றில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்ற குறிப்புடன் வந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரித் தொப்பியை வாங்கினேன். முன்விளிம்பு பொன்வேலை ஏதுமற்ற கறுப்புத் தோல். சின்னத்தில் வெள்ளி நங்கூரமும், அதைச் சுற்றிச் சரிகையாலான இலை வளையமும், மேலே கிரீடமும் உள்ளன. கிரீடத்தின் வளைவுகள் நடுவில் பள்ளம் விழாமல் குவிமாடம்போல் எழும்பியிருப்பதால், இது இரண்டாம் எலிசபெத் அரசிக்கு முந்தைய ட்யூடர் கிரீடம் என்று நம்பித்தான் விலை கொடுத்தேன். ஆனால் உள்ளே உறைத்துணியில் ‘கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ்’ என்று தையல் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது. இது பொருந்துமா? கறுத்துப்போன சரிகையைத் துலக்கலாமா?

பழம்பாய்மரம்:
பொருந்தாது. கீவ்ஸ் நிறுவனம் ஹாக்ஸை வாங்கி, இரண்டு பெயர்களும் ஒன்றானது 1974இல்தான். ஆகவே தொப்பி அதற்குப் பிந்தையது என்பதில் ஐயமில்லை. எஞ்சியிருப்பது சின்னத்தைப் பற்றிய கேள்வி. எலிசபெத் காலத்துச் சின்னங்களில் புனித எட்வர்டின் கிரீடம், நடுவில் தாழ்ந்த வளைவுகளுடன் இருக்கும் என்பதால், குவிந்த கிரீடம் என்றாலே பழையது என்று நாம் இதுவரை கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தோம். 2022இல் அரியணை ஏறிய மூன்றாம் சார்லஸ் மீண்டும் ட்யூடர் வடிவத்தையே தேர்ந்துகொண்டதால், அந்தச் சுலபவழி இப்போது அடைபட்டுவிட்டது. சின்னம் பிறகு மாற்றித் தைக்கப்பட்டதா என்று அறிய, தொப்பியின் உட்புற வியர்வைப் பட்டையை மெதுவாக மடக்கி, சின்னத்தின் தையல் துளைகளைப் பாருங்கள். பிறகு இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பிற்கால நூல்களிலும் துணிகளிலும் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் நீலமாக ஒளிரும். சின்னத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும், அதை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

கொற்கைத்துறை:
முன்விளிம்பு வெறுமையாக இருப்பது குறையன்று. கமாண்டருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கு அதுதான் முறை. கமாண்டருக்கும் கேப்டனுக்கும் ஓக் இலைச் சரிகை ஒரு வரிசை, அட்மிரல்களுக்கு இரண்டு வரிசை. விலை இலைகளோடு ஏறுவதால், சாதாரணத் தொப்பியில் பொன்னிலை விளிம்பை மாட்டி விற்பவர்களும் உண்டு. வணிகக் கப்பல் அதிகாரிகளின் தொப்பிகளும் கடற்படைத் தொப்பிகள் என்று விற்கப்படுகின்றன. அவற்றின் நங்கூரத்துக்கு மேலே இருப்பது அரச கிரீடமன்று, பாய்களும் கப்பலின் பின்புறங்களும் மாறிமாறி அமைந்த கப்பற்கிரீடம். நம் நாட்டுத் தொப்பிகளைப் பொறுத்தவரை, 1950 ஜனவரி 26இல் ‘ராயல்’ என்ற அடைமொழியும் கிரீடமும் நீங்கி அசோகச் சிங்கங்கள் வந்தன என்பதால் குழப்பம் குறைவு.

பழம்பாய்மரம்:
துலக்குவது பற்றி விடுபட்டுவிட்டது. வேண்டவே வேண்டாம். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு வினைபுரிவதால் வருவதுதான் அந்தக் கறுப்பு. மேலே இருக்கும் பொன்முலாமோ மிக மெல்லியது. வீட்டு வெள்ளி விளக்கைத் தேய்ப்பதுபோல் நான் ஒருமுறை ஒரு சின்னத்தைத் தேய்த்தேன். கறுப்போடு பொன்னும் போய், இலை நுனிகளில் செம்பு தெரிந்தது. தொப்பியின் உட்புறத்தில் அமிலமற்ற மெல்லிய தாளை அடைத்து, அட்டைப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பளபளப்புத் தோல் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

நெய்தல்வாசி:
பட்டையை மடக்கிப் பார்த்தேன். இப்போதைய தையலுக்கு அருகிலேயே, நூலில்லாத ஊசித் துளைகள் இன்னொரு வரிசையாக இருக்கின்றன. அப்படியானால் முதலில் இருந்த சின்னத்தை எடுத்துவிட்டுத்தான் இதைத் தைத்திருக்கிறார்கள். தைத்த நூல் விளக்கில் பளிச்சென்று ஒளிர்கிறது; சின்னத்தின் பின்துணியும் ஓரநூலும் சிறிதும் ஒளிரவில்லை. சின்னம் பழையதாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரிக்காமல், கண்டதைக் கண்டபடி ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். விற்றவருக்கும் எழுதியிருக்கிறேன், இதுவரை பதிலில்லை.